பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க!

குட்டீஸ்... உங்கள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களா? கடைக்குக் கிளம்பும் முன், அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து இதைப் படித்து விடுங்கள்.

கடையில், ஒரே விலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கலாம். ஒன்றில், '1 டி.பி. ஹார்டு டிஸ்க்' என்றும், மற்றொன்றில், '256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.' என்றும் எழுதியிருக்கும். 1 டி.பி. என்பது, 1,000 ஜி.பி.! 'அம்மாடி... நாலு மடங்கு பெரிசு' என்று, அதைத் தான் கை காட்டத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, சின்ன எண் போட்ட எஸ்.எஸ்.டி. தான் ஏற்றது என்பேன். ஏன் தெரியுமா?

இரண்டுமே, நம் பாடம், படம், பாட்டு எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் கிடங்கு தான். ஆனால், கேட்டதை எடுத்துத் தரும் விதம் வேறு.

நம் திருவண்ணாமலையில், தீபத் திருவிழாவின் போது, மகா ரதம் மாட வீதிகளைச் சுற்றி வரும். வீட்டு வாசலில் நிற்பவர், தேர் நம் வீதிக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? ஹார்டு டிஸ்க்கும் அப்படித் தான். அதற்குள் வட்டத் தகடுகள், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. ஒரு குட்டிக் கை, தகட்டின் மேல் நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும் வரை காத்திருந்து படிக்கிறது. இந்தக் காத்திருப்பு, ஒரு நொடியில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு தான். ஆனால், கம்ப்யூட்டரை, 'ஆன்' செய்தால், ஆயிரக்கணக்கான கோப்புகளை இப்படித் தேட வேண்டுமே! அதனால் தான், நாம் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருக்கிறோம்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது. பென் டிரைவ் போல, சிப்புகளில் மின்சாரத்தால் எழுதிப் படிக்கிறது. ஹார்டு டிஸ்க், நொடிக்கு 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும்; 'சாட்டா' வகை எஸ்.எஸ்.டி., 500 எம்.பி.; 'என்.வி.எம்.இ.' வகை, 2,000 எம்.பி.க்கும் மேல்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள்... 2011ல், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்-டாப் கொடுக்கத் துவங்கியது. அதில் இருந்தது, 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். 2025ல், கல்லூரி மாணவர்களுக்கு லேப்-டாப் வாங்க, அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டபோது கேட்டது, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.! 14 ஆண்டுகளில் எண் குறைந்தது, வேகமோ கூடியது.

'இடம் போதுமா?' என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி தான். விண்டோஸ் 11க்கு, குறைந்தபட்சம் 64 ஜி.பி. வேண்டும். மீதி இடம், வீட்டுப் பாடத்துக்கும், புராஜெக்ட்டுக்கும் தாராளம். பெரிய கேம்கள் வேண்டுமென்றால், 512 ஜி.பி. பாருங்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணனுக்கு, பெரிய ஹார்டு டிஸ்க் தேவை. குறைந்த செலவில் நிறைய இடம் தருவது அது தான். அவர் தேவை வேறு. நம் தேவை வேறு.

கடையில் மறக்காமல் கேளுங்கள்:

* இது எஸ்.எஸ்.டி.யா, ஹார்டு டிஸ்க்கா?

* எஸ்.எஸ்.டி. என்றால், சாட்டாவா, என்.வி.எம்.இ.யா?

* பிறகு இன்னொரு டிரைவ் சேர்க்க, உள்ளே இடம் உண்டா?

* வாரன்டி எத்தனை ஆண்டு?

கடைசியாக ஒன்று... எந்த டிரைவும் ஒருநாள் பழுதாகலாம். அண்ணாமலையார் கோவில் சுவரில் உள்ள கல்வெட்டுகள், பல நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அந்தக் கல்லையே நம்பி விட்டுவிடாமல், காகிதத்தில் மைப்படி எடுத்து, நூலாகவும் அச்சிட்டு வைத்திருக்கின்றனர் அறிஞர்கள். கல்லுக்கே நகல் வேண்டுமென்றால், உங்கள் தாத்தா, பாட்டி போட்டோவுக்கு வேண்டாமா? பென் டிரைவிலோ, வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கிலோ ஒரு நகல் வைத்து விடுங்கள்.

அப்பா, அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். பல ஆண்டு வைத்திருக்கப் போகும் பொருள். எண்ணைப் பார்த்து மயங்காமல், கேள்வி கேட்டு வாங்குங்கள். சரியா குட்டீஸ்!