விண்கலம் காத்திருக்கட்டும்

கணினிவழி வடிவமைப்பைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் பலர், முதல் வாரத்திலேயே விண்கலத்தையோ பறக்கும் காரையோ திரையில் உருவாக்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால், அந்த விண்கலத்தின் இறக்கை எத்தனை மில்லிமீட்டர் தடிமனாக இருக்க வேண்டும்? எந்த அளவைக் கொடுத்தாலும் திரையில் அது அழகாகவே தெரியும். வரைந்தது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு பொருள் இல்லை. ஆகவே, வீட்டிலுள்ள சாதாரணப் பொருள்களை அளந்து வரைவதே சிறந்த தொடக்கப் பயிற்சி என்பது என் கருத்து.

பள்ளிக்கு நீங்கள் கொண்டுசெல்லும் நெகிழி உணவுப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிங்கர்கேட் போன்ற இலவச மென்பொருளில் ஒரு கனச்செவ்வகத்தை வைத்து, அதன் உட்பகுதியைக் குடைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

இப்போது அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் பெட்டியின் வாய், அடிப்பகுதியைவிடச் சற்று அகலமாக இருக்கும். சுவர்கள் செங்குத்தாக நிற்காமல் மேல்நோக்கி மெல்ல விரியும். ஏன்? உருகிய நெகிழியை உலோக வார்ப்பச்சுக்குள் செலுத்தித்தான் இத்தகைய பெட்டிகளைச் செய்கிறார்கள். குளிரும்போது நெகிழி சுருங்கி, அச்சின் நடுப்பகுதியை இறுகப் பற்றிக்கொள்ளும். சுவரில் ஓரிரு பாகைச் சரிவு இருந்தால்தான் பெட்டி எளிதில் கழன்று வரும். பெட்டியைக் கவிழ்த்தால், அடியின் நடுவில் சிறு புள்ளி போன்ற தடம் தென்படலாம். உருகிய நெகிழி உள்ளே நுழைந்த இடம் அது. மூலைகள் வளைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. கூரிய மூலையில் அழுத்தம் குவிந்து விரிசல் விழும். அங்கே ஒட்டிய குழம்பைக் கழுவுவதும் எளிதன்று. வீட்டில் பாத்திரம் கழுவுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள்!

மூடிதான் உண்மையான சோதனை. பெட்டியின் வெளி அளவும் மூடியின் உள் அளவும் சமமாக இருந்தால், திரையில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்ட பிறகோ மூடி உள்ளே நுழையாது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் அதைத் தீர்மானிக்கிறது. அறிவியல் கூடத்தில் பயன்படுத்தும் வெர்னியர் அளவி இங்கே கைகொடுக்கும். 1958ஆம் ஆண்டின் லெகோ கட்டைகள் இன்று வாங்கும் கட்டைகளோடும் பொருந்துகின்றன என்றால், அளவில் எவ்வளவு கண்டிப்பு இருந்திருக்க வேண்டும்!

“இருப்பதைப் பார்த்து வரைவது நகலெடுப்பதுதானே, இதில் படைப்பாற்றல் எங்கே?” என்று சிலர் கேட்கலாம். விரல்களில் வலிமை குறைந்த பாட்டி ஒருவரால் அந்த மூடியைத் திறக்க முடியவில்லை என வைத்துக்கொள்வோம். மூடியின் விளிம்பை எவ்வளவு நீட்டலாம், எங்கே மெலிதாக்கலாம், எந்த அளவுக்கு மேல் போனால் குழம்பு கசியும் என்பதெல்லாம் அதை அளந்து வரைந்தவருக்கே தெரியும். விண்கலம் மட்டுமே வரைந்தவர், பாட்டிக்காகப் பெட்டியைப் பிடித்துத் திறந்து தரலாம், அவ்வளவுதான்.

உணவுப் பெட்டி கைவந்த பிறகு, தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி அதன் உள்ளே பாருங்கள். அந்தத் திருகுபுரிகளை வரைய ஒரு வாரமாவது பிடிக்கும்.