இரண்டு நாள் பத்தியம் யாரை ஏமாற்ற?

"பாஸ்டிங் 108தான். சுகர் கன்ட்ரோல்ல இருக்கு." நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். அந்த 108 எப்படி வந்தது என்பதையும் அவர்களே சொல்வார்கள்: டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் சோற்றை நிறுத்தி, ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொண்டு, காலையில் வேக நடையும் போய்வந்தார்களாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தால் நோய் அடங்கிவிட்டது என்ற இந்த நம்பிக்கை கண்ணையும் சிறுநீரகத்தையும் காவு கேட்கிற நம்பிக்கை.

வெறும் வயிற்று அளவு, ரத்தம் எடுத்த அந்த நேரத்து நிலவரம் மட்டுமே. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நாம் எதையாவது சாப்பிட்டு முடித்தவர்கள்தான். காலை இட்லி, பதினோரு மணிக் காபி, மதியச் சோறு, நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், ராத்திரி ஒன்பதரைக்குத் தோசை. ஒவ்வொன்றுக்கும் பிறகு 220, 250 என்று ஏறி, விடிவதற்குள் இறங்கிவிடும் உடம்புகள் உண்டு. காலையில் எடுக்கும் ரத்தத்தில் அந்த ஏற்றம் தெரியாது.

ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் தெரியும். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது அந்தச் சிவப்பணு சாகும்வரை, சுமார் 120 நாள், அங்கேயே இருக்கும். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எச்பிஏ1சி, நம் பேச்சில் 'மூணு மாச சுகர்'. கடைசி மாதத்துக்கு அதில் கூடுதல் பங்கு உண்டு என்றாலும், இரண்டு நாள் பத்தியத்துக்கு அது அசையாது. 7 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154; 8 என்றால் 183; 9 என்றால் 212. பாஸ்டிங் 108 வந்தவருக்கு ஏ1சி 8.6 வந்ததும் "லேப்ல தப்பு" என்கிறார். பெரும்பாலும் லேப் தப்பு செய்வதில்லை.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? பிரிட்டனில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், ஏ1சி ஒரு சதவீதப் புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. பத்தியம் இருந்து வாங்கிய எண்ணைப் பார்த்து மருத்துவர் மாத்திரையைக் கூட்டாமல் விடுகிறார். நஷ்டம் யாருக்கு?

ஏ1சியும் சில உடம்புகளில் வழி தவறும். இரும்புச்சத்து குறைந்தால் உண்மையைவிட ஏற்றிக் காட்டலாம். அண்மையில் ரத்தம் இழந்தவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இறக்கிக் காட்டலாம். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும் தமிழ்நாட்டில், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் அவர்களுடைய ஏ1சியைப் படிக்கக் கூடாது. எல்லோருக்கும் 7-க்குக் கீழே என்ற இலக்கும் கிடையாது. தாழ்சர்க்கரையில் மயங்கி விழும் வயதானவருக்கு 8 வரை விட்டுவைப்பதே பாதுகாப்பு.

ஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. அடுத்த டெஸ்டுக்கு முன்னால் தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், மாத்திரையை வழக்கம்போல் போடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்த அளவையும் எடுத்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு மருத்துவரிடம் காட்டுங்கள். 8.6 வந்தால் அந்த 8.6-ஐயே காட்டுங்கள்.