பெல்லந்தூர் சேறு வயலுக்குப் போகலாமா? – நமது நிலைப்பாடு

பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் அள்ளிய சேற்றை உலர்த்தி விவசாயிகளுக்கு உரமாகக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு மறுபடி எழுந்திருப்பதால் செயற்குழு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் பெல்லந்தூர் ஏரி பற்றி எரிந்ததையும், 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசை 500 கோடி ரூபாய் ஒதுக்கிவைக்கச் சொன்னதையும் உறுப்பினர்கள் அறிவார்கள்.

தூர்வாருவதை நாம் எதிர்க்கவில்லை. மலக்கழிவும் அழுகிய ஆகாயத்தாமரையும் அடியில் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. அதனால் இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் கழன்று நீருக்குள் வந்து மறுபடி ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. இந்தச் சுழற்சியை அறுக்கச் சேற்றை எடுத்தே ஆகவேண்டும். சாக்கடை வரத்தை அடைக்காமல் எடுப்பது வீண் என்பதையும் பதிவு செய்கிறோம்.

நமது கவலை, எடுத்த சேறு எங்கே போகிறது என்பதுதான். காற்றுப் படாத அடிச்சேற்றில் கந்தகம் சல்பைடாக மாறி ஈயம், காட்மியம், துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தக் கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் அதன் அடையாளம். அதே சேற்றைக் கரையில் குவித்து வெயிலில் போட்டால் மேற்புறம் பழுப்பாக மாறும். சல்பைடு ஆக்சிஜனோடு சேர்கிறது, அமிலம் உண்டாகிறது, உலோகத்தின் கட்டு தளர்கிறது. சேற்றில் மிச்சமுள்ள மக்கிய பொருள் தாமிரத்தையும் ஈயத்தையும் ஓரளவு பிடித்துவைக்கும். காட்மியத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. அது கீரைக்குள் எளிதில் ஏறும். அந்த மக்கிய பொருளும் வயலில் ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டே வரும். ஈரச்சேற்றில் ஒரு மாதிரி எடுத்து, மொத்த அளவு வரம்புக்குள் இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொடுத்தால் போதுமா? சோதிப்பது ஒரு சேறு, வயலில் கொட்டுவது வேறு சேறு. இதைத் தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் உரம் அல்ல, ஊராரின் தட்டில் கழிவைக் கொட்டுவது.

ஏரி வண்டலை வயலில் போடுவது நம் முன்னோர் வழக்கம் என்று குழுவில் சிலர் எடுத்துக்காட்டினர். மழைநீர் கொண்டுவந்த வண்டலுக்கு அது பொருந்தும். பட்டறைக் கழிவும் சாக்கடையும் கலந்து படிந்ததை வண்டல் என்று அழைப்பதே மோசடி. முழுத் தடை கோரவேண்டும் என்ற கருத்தும் இருந்தது; பொதுவாக ஏற்கத்தக்க நிலையாகக் கீழ்க்கண்டதை முன்வைக்கிறோம்.

உலர்த்திய பிறகு, குவியல்தோறும், செடி உறிஞ்சக்கூடிய உலோக அளவைச் சோதித்துக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடவேண்டும். அதுவரை, இயன்றவரை என்றல்ல, ஒரு லோடுகூட வயலுக்குப் போகக்கூடாது. மழைநீர் வழிந்து ஏரிக்கே திரும்பாதபடி குவியல்களை மூடிவைக்கவேண்டும்.

கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர்கள், இலவசம் என்று லாரி வந்து நின்றால் முதலில் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.