எட்டு மடங்கே போதும்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியாவில் வேட்டை உரிமத்துக்கு முடிவு கட்டின. பெங்களூரில் இன்று முதல் பைனாகுலரைத் தேடும் மாணவர், லால்பாக்கிலோ ஹெசரகட்டாவிலோ பறவைகளைக் காணவே தேடுகிறார். அவரை ஏய்ப்பது ‘இருபது மடங்கு’ என்னும் விளம்பர எண்.

வேட்டை இன்றும் நடக்கும் நாடுகளில்கூடத் தேர்ந்தவர்கள் கையில் ஏந்துவது எட்டு அல்லது பத்து மடங்கே. மடங்கு கூடினால் கைநடுக்கமும் கூடத் தெரியும். பார்வைப் பரப்பு சுருங்கும். 8×42 கருவியில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5.25 மி.மீ.; 20×50 கருவியில் 2.5 மி.மீ. மட்டுமே. விடியலின் மங்கலில் கண்மணி விரிந்திருக்க, பின்னது இருளையே காட்டும். புல்வெளிமேல் தாழப் பறக்கும் பூனைப்பருந்தை அது பிடிப்பதற்குள் பறவை கடந்துவிடும்.

இது நுகர்வோர் ஏமாற்றம் மட்டுமன்று. அரைகுறையாய்க் கண்டது ஊகத்தால் பெயர் பெறும், அப்பெயர் தரவாகும், தரவு ஆய்வேடாகும். களப்பணிக்கு மாணவரை அனுப்பிவிட்டுக் கருவியை அவர் பணப்பைக்கும் விளம்பரத்துக்கும் விட்டுவிடும் துறைகளே இதற்குப் பொறுப்பு. துறைக்குப் பொதுவாக நான்கு 8×42 கருவிகளும் ஏரிக்கரையில் ஒரு விடியற்காலைப் பயிற்சியும் எட்டாத செலவல்ல. அதைச் செய்யாத துறைக்குப் பிழையான தரவைக் கண்டிக்கும் தகுதி இல்லை.