நடராஜனை விட்டுவிடுங்கள்

சேலம் மாவட்டத்து வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2021 ஜனவரியில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியதற்குப் பிறகு கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளி விளையாட்டு விழா மேடைகளில் இந்த வசனம் தப்புவதே இல்லை. சின்னப்பம்பட்டி நடராஜனால் முடிந்தது நடராஜர் ஊர்ப் பிள்ளைகளால் முடியாதா? கைதட்டலும் தப்புவதில்லை. பேசியவர் சால்வையோடு காரில் ஏறிவிடுவார். பையன்கள் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கோ தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ கிளம்புவார்கள். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக்கேட்டு எரிச்சல்தான் மிச்சம்.

வறுமைதான் அவரை உருவாக்கியது என்கிறார்கள். ஏறக்குறைய இருபது வயது வரை அவர் கைக்கு ஸ்டிச் பந்து வராமல் பார்த்துக்கொண்டது வறுமை. அது செய்த உபகாரம் அவ்வளவுதான்.

ஒரே இரவில் ஸ்டார் ஆனாராம். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு சீசன் ஓர் ஆட்டம்கூடத் தராமல் உட்கார வைத்தது. டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கர் 2020 நவம்பரில்தான் வந்தது. நீளமான இரவு!

இனி, மேடைக்காரர்களின் செல்ல வசனத்துக்கு வருவோம். திறமை இருந்தால் எந்த மூலையில் இருந்தாலும் தேடி வந்து கூட்டிப் போவார்களாம். யார் வந்தார்கள்? டென்னிஸ் பந்து ஆட்டங்களில் அவரைக் கவனித்து, இவன் சென்னைக்குப் போக வேண்டியவன் என்று முடிவு செய்தவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். அந்த நன்றிக்காகத்தான் நடராஜன் தன் ஜெர்சியில் ஜேபி என்று போட்டுக்கொண்டார். சென்னையிலும் நேரே சேப்பாக்கத்துக்குள் நுழைந்துவிடவில்லை. நான்காம் டிவிஷனில் பிஎஸ்என்எல், பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், அப்புறம் முதல் டிவிஷனில் கெம்பிளாஸ்ட் நிறுவனத்தின் ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் பெங்காலுக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகம். ஆடிய கையோடு பந்துவீச்சு முறை மீது புகார், அதாவது மாங்கா அடிக்கிறார் என்று. சுனில் சுப்பிரமணியம் போன்ற பயிற்சியாளர்கள் பக்கத்தில் இருந்தார்கள். கையைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். சென்னையில் ஒரு நல்ல கிளப் இல்லாத பையனுக்கு அந்தப் புகார் வந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அவனைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதில் எந்தப் படி நம் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது? மாவட்ட லீக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சந்தோஷம். ஆனால் ஏணி நிற்பது சென்னையில். கடலூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், சிதம்பரத்திலிருந்து இன்னும் கூட. போக பஸ் உண்டு. போனால் தங்க இடமும், விடுப்பு தருகிற வேலையும், கிட் வாங்கப் பணமும் வேண்டும். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடங்கியபோது காரைக்குடிக்கு அணி, திண்டுக்கல்லுக்கு அணி, தூத்துக்குடிக்கு அணி. கடலூருக்கு இல்லை. சேப்பாக்கம் மைதானத்தின் பெயரில் சிதம்பரம் இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொல்லலாம், அவர் எம்.ஏ. சிதம்பரம் செட்டியார். சேலத்துக்கே வாழப்பாடி அருகில் ராகுல் டிராவிட் வந்து மைதானம் திறந்தது 2020 பிப்ரவரியில். நடராஜன் அதற்கு மூன்று வருஷம் முன்பே ஐபிஎல்லுக்குள் போய்விட்டார்.

ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனதே நெட் பவுலராகத்தான். கொரோனா தனிமைப்படுத்தல் காரணமாக நெட் பவுலர்களைக் கூடவே கொண்டுபோனார்கள். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், நவ்தீப் சைனிக்கு முதுகுவலி, பிரிஸ்பேன் காபா டெஸ்டுக்குள் பும்ரா, ஷமி, உமேஷ் யாதவ், அஸ்வின், ஜடேஜா என்று வரிசையாகக் காயம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். கிடைத்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. டி20 தொடரின் மூன்று ஆட்டத்தில் ஆறு விக்கெட், காபா டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு மூன்று. ஆனால் ஐந்தாறு பேர் காயப்பட்டால்தான் திறக்கிற கதவைக் காட்டி, கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

உழைப்பு கைவிடாது என்பது கடைசி வரி. 2021 மார்ச்சில் புனேவில் கடைசி ஓவரில் 14 ரன்னைக் காப்பாற்றி இங்கிலாந்தை மடக்கினார். பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தார். இந்திய அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. அடுத்த ஏலத்தில் டெல்லி 10.75 கோடி கொடுத்து எடுத்து, பெரும்பாலும் வெளியே உட்கார வைத்தது. இவ்வளவுக்கும் உழைப்பு அதே உழைப்புதான்.

மேடைகளில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. 2023 ஜூனில் நடராஜன் தன் ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். திறமை தானாகவே வழி தேடிக்கொள்ளும் என்றால், தானாக வந்ததாகச் சொல்லப்படுகிற அந்த மனிதர் எதற்காக ஊரில் நிலத்தைத் திருத்தி பிட்ச் போட்டார்?