எங்க மலைக்கு முதல் தடவை வர்றவங்களுக்கு



போன வாரம் நூலக பீரியடில் ஒரு பத்திரிகை படித்தேன். வெளிநாட்டுக்கு முதல் தடவை சுற்றுலா போகிறவர்களுக்கு யோசனை எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அந்த நாட்டுப் பணத்தை மாற்றிக் கொள்ளுங்கள் என்றெல்லாம் இருந்தது. எங்க வகுப்பில் ஒருத்தரிடமும் பாஸ்போர்ட் கிடையாது. எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் யோசித்தேன். சென்னையிலிருந்து வர்றவங்களுக்கு நம்ம கல்வராயன் மலையே ஒரு வெளிநாடு மாதிரிதானே? அவங்களுக்கு யோசனை சொல்ல என்னால் முடியும். ஏனென்றால் என் ஆயா வீடு மலைமேலே இருக்கு. வருஷா வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு அங்கேதான் இருப்பேன்.

1. எல்லாத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீங்க.

கார்ல வர்றவங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும். கோமுகி அணை, கரியாலூர் படகுத்துறை, பெரியார் அருவி, மேகம் அருவி, கவியம் அருவி. இருட்டறதுக்குள்ள எல்லாம் பார்த்துட்டு இறங்கணும்னு பறப்பாங்க. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். ரோடு வளைஞ்சி வளைஞ்சிதான் போகும். பெரியார் அருவி ரோட்டுப் பக்கத்திலேயே இருக்கு, ஆனா மேகம் அருவிக்கு நடக்கணும். அவசரத்தில் வந்தால் வாந்திதான் மிச்சம்.

போன வருஷம் ஒரு குடும்பம் மழையில் மாட்டிக்கிட்டு ஆயா வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினாங்க. அந்த அண்ணன் செல்போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு சிக்னல் தேடி அங்கேயும் இங்கேயும் நடந்தார். இன்னும் மூணு இடம் பாக்கி இருக்குன்னு அவருக்குக் கவலை. ஆயா சாமைச் சோறும் துவையலும் கொடுத்தாங்க. சாப்பிட்டுட்டு கயித்துக் கட்டில்ல சாஞ்சவர் அப்படியே தூங்கிட்டார். அவர் பிள்ளைங்க எங்களோட சேர்ந்து பல்லாங்குழி ஆடினாங்க. எழுந்ததும், "இப்படித் தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சும்மா"ன்னு சொன்னார். அந்த மூணு இடத்துக்கும் அவங்க போகவே இல்லை. ஆனா சந்தோஷமா போனாங்க. லீவுன்னா அதுதான்னு நான் நினைக்கிறேன்.

2. கேட்டுட்டு போட்டோ எடுங்க.

ஆயா முறத்துல சாமை புடைச்சிக்கிட்டு இருந்தப்போ ஒருத்தர் வந்து பேசாமலேயே போட்டோ எடுத்துட்டுப் போயிட்டார். ஆயா கோபப்படலை. "கேட்டிருந்தா தலை சீவிட்டு வந்து நின்னிருப்பேனே"ன்னுதான் சொன்னாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. உங்க வீட்டு வாசலில் வந்து யாராவது அப்படி எடுத்தால் விடுவீங்களா?

3. பாட்டிலை உடைக்காதீங்க.

ஓடையில் குளிக்கும்போது என் மாமா பையன் காலில் உடைஞ்ச பாட்டில் குத்திடுச்சு. ஏழு வயசுப் பையன். மாமா அவனைத் தூக்கி வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நாலு தையல் போட்டாங்க. அந்த லீவு முழுக்க அவன் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான்.

தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கை 1.1.2019 முதல் தடை செய்திருக்கிறார்கள். ஆனால் அருவிப் பக்கம் போய்ப் பாருங்கள். கவர், தட்டு, டம்ளர் எல்லாம் கிடக்கும். மலையில் பெய்கிற மழை பொட்டியம், கல்படை ஆறுகள் வழியாக கோமுகி அணைக்கு வருகிறது. அணையின் உயரம் 46 அடி. அந்தத் தண்ணிதான் கால்வாய் வழியா நம்ம ஊர் வயலுக்கு வருது. மேலே போடுற குப்பை கீழேயும் வரும்.

4. "சரக்கு கிடைக்குமா"ன்னு கேட்காதீங்க.

இதை எழுதலாமா என்று தமிழ் டீச்சரிடம் கேட்டேன். எழுது என்றார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகும் காரை நிறுத்தி, சிரிச்சிக்கிட்டே என் மாமாகிட்ட அப்படிக் கேட்கிறாங்க. மாமா சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறவர். மலைக்காரன் என்றால் சாராயம் காய்ச்சுகிறவன் என்று நினைத்துக் கொண்டு வராதீங்க.

சிலர் கேட்கலாம், "சுற்றுலாக்காரங்க வந்தால்தானே வருமானம், அவங்களை ஏன் திட்டுறே?" என்று. உண்மைதான். என் ஆயாவே ரோட்டோரம் பலாப்பழம் விற்கிறாங்க. யாரும் வராவிட்டால் பழம் அழுகித்தான் போகும். வராதீங்கன்னு நான் சொல்லவே இல்லை. கடையில் வாங்குற பொருளுக்குத்தான் காசு கொடுக்கிறீங்க, மலையை விலைக்கு வாங்கலைன்னுதான் சொல்றேன். 1976 வரைக்கும் இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதற்குப் பிறகுதான் அரசாங்கத்திடம் வந்தது. அதனால் வசதி எல்லாம் மெதுவாகத்தான் வருகிறது. ஓட்டல் இல்லை, டவர் இல்லை என்று முகம் சுளிக்காதீங்க.

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு பெரியவங்க சொல்வாங்க. நாங்க மூணு நாள் நல்லாப் பார்த்துக்குவோம். நீங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருந்தால் போதும்.

தோழிகளே, மே மாத லீவுக்குப் பெங்களூர், சென்னையிலிருந்து உங்க சொந்தக்காரங்க வந்து மலைக்குப் போகலாம்னு சொன்னா, இந்த நாலையும் அவங்ககிட்ட சொல்லுங்க. கூடவே குப்பை போட ஒரு சாக்குப்பையும் கொடுத்து அனுப்புங்க.

நானும் ஒருநாள் நல்லாப் படிச்சி பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போவேன். அங்கேயும் ஒரு ஆயா முறத்தில் ஏதாவது புடைச்சிக்கிட்டு இருப்பாங்க. கேட்டுட்டுத்தான் போட்டோ எடுப்பேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி