நின்ற பிறகு ஒரு வரி சொல்லுங்கள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். சுமை அந்தரத்தில் நின்றால் கீழே இருப்பவனுக்கு உடனே சைகை காட்டியாக வேண்டும். ஓடுபாதையில் நின்றுவிட்ட விமானத்தில் இருப்பவர்களுக்கும் அப்படி ஒரு சைகை வேண்டும். 2025 ஆகஸ்ட் 17 இரவு கொச்சி ஓடுபாதையில் வேகமெடுத்த ஏர் இந்தியா விமானம் கிளம்பாமல் நின்றது. சறுக்கியது போலிருந்தது என்றார் உள்ளேயிருந்த எம்.பி. ஹிபி ஈடன், தொழில்நுட்பக் கோளாறு என்றது நிறுவனம்.

நிறுத்தியது சரிதான். நின்றதும் விமானி தீ உண்டா என்று பார்த்து, கேபின் ஊழியர்களுக்கு ‘காத்திருங்கள்’ அல்லது ‘வெளியேற்றுங்கள்’ என உத்தரவிட வேண்டும். 1985-இல் மான்செஸ்டரில் இப்படி நின்ற விமானம் தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். எனவே பயணிக்கு விளக்கம் பிறகுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தீ இல்லையென்று தெரிந்ததுமே, “நாங்களேதான் நிறுத்தினோம், சீட்லயே இருங்க” என்று ஒரு வரி வேண்டும். சென்னையில் என்றால் தமிழில். முதல்முறை துபாய்க்குப் போகும் திருவொற்றியூர் வெல்டர் பையன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தால் தானும் பையோடு கதவுக்கு ஓடுவான். எஞ்சின் இன்னும் சுற்றுவது அவனுக்கு எப்படித் தெரியும்?